கரியனுக்குக் கட்டிய அம்பாரி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜை அன்று, மைசூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. கீழே என் மகனின் லேத் பட்டறை, மேலே நாங்கள். கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நானும் என் வீட்டுக்காரரும் கல்லும் மண்ணும் சுமந்து, ஒருத்தர் வாசலில் போய் நிற்காமல் கட்டிய வீடு. அவர் இப்போது இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். அவசரப்பட்டால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் எங்கள் கரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ராட்வீலர் சாதி நாய். மகன் வைத்த பெயர் புரூனோ. அது என் வாயில் நிற்கவில்லை. கறுப்பாக இருந்தான், கரியன் என்று கூப்பிட்டேன். இரண்டு பெயருக்கும் வருவான், கரியன் என்றால் கொஞ்சம் வேகமாக வருவான்.

உடம்பெல்லாம் கறுப்பு. கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டும், கன்னமும், நெஞ்சும், கால்களும் மட்டும் வெல்லப்பாகு நிறம். தலை அம்மிக்கல் மாதிரி இருக்கும். நெஞ்சு அகலம், ஆழம். தொடையைத் தட்டினால் நம் கைதான் வலிக்கும். அந்தக் காலத்தில் சீமையில் மாட்டு மந்தை ஓட்டவும், கறிக்கடைக்காரர்களின் வண்டியை இழுக்கவும் இந்தச் சாதியை வளர்த்தார்களாம். மகன் போனில் பார்த்துச் சொன்னான். எனக்கு அது புரிந்தது. வேலைக்கென்றே பிறந்த உடம்பைச் சும்மா உட்காரவைத்தால் கெட்டுப்போகும், அது மனுஷனானாலும் சரி, நாயானாலும் சரி. அதனால் அவனுக்கும் வேலை கொடுத்தேன். காலையில் பால் வாங்கப் போனால் பையை அவன்தான் வாயில் கவ்விக்கொண்டு வருவான். பாக்கெட்டில் ஒரு பல் பட்டதில்லை.

குட்டியாக வந்தபோதே வால் இல்லை. விற்றவன் வெட்டித்தான் கொடுத்தான். "ஏண்டா, வாலை ஏண்டா வெட்டுனாங்க?" என்று கேட்டேன். "அப்பத்தானம்மா கெத்தா இருக்கும்" என்றான் என் மகன். அன்றைக்கே எனக்குக் கோபம் வந்தது. நாய்க்கு வாய் அதன் வால்தான். அதை வெட்டிப்போட்டு, அப்புறம் இவன் சிரிக்கிறானா முறைக்கிறானா தெரியவில்லை என்று நம்மிடமே வந்து சொல்கிறார்கள்.

சந்தோஷம் வந்தால் கரியன் பின்பக்கம் மொத்தத்தையும் ஆட்டுவான். நம் காலில் வந்து முழு உடம்பையும் சாய்ப்பான். சுவரைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழ வேண்டியதுதான். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் தொண்டைக்குள் லாரி ஓடுவது போல ஒரு சத்தம் வரும். அது அவன் கொஞ்சுவது. தெரியாதவர்கள் உறுமல் என்பார்கள்.

அப்படித்தான் எதிர்வீட்டுக்காரரோடு வம்பு வந்தது. அவர் ஆபீஸ் உத்தியோகஸ்தர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் பேசுவது கன்னடம், எங்களோடு பேசும்போது தமிழும் கலக்கும். பாட்டி என்பதற்கு அவர்கள் சொல்லும் அஜ்ஜியை மட்டும் விட்டுவிட்டு, நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ஒருநாள் கேட்டருகில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் மேல் கரியன் போய்ச் சாய்ந்துவிட்டான். சாய்ந்ததோடு நிற்காமல் லாரியையும் ஓட்டிவிட்டான்.

"அஜ்ஜி, இது நாயா கொலைகாரனா? என்னைப் பார்த்து உறுமுது!" என்று கத்தினார்.

"அது உறுமல் இல்லீங் சார். கொஞ்சறான்."

"கொஞ்சறதே இப்படின்னா, கோபம் வந்தா என்ன பண்ணுவான்?"

அன்றையிலிருந்து தெருவில் யார் கூடினாலும் அவருக்கு அதே பேச்சு. கொலைகார நாய், அதை அப்புறப்படுத்த வேண்டும், குழந்தைகள் நடமாடும் இடம். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீடு, என் நாய், என் கேட்டுக்குள்ளே இருக்கிறது என்றேன். பேச்சுவார்த்தை நின்றுபோனது.

கரியனுக்குத் தடுப்பூசி போட்ட டாக்டரம்மா ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தார். இந்த மாதிரி ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை தொங்கலாக இருக்குமாம். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடியாடினால் அது காற்றடைத்து உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளுமாம். வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், விட்டால் சில மணி நேரத்தில் போய்விடும் என்றார். நானும் கேட்டேன், என் மகனும் கேட்டான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம்.

அதனால் அவன் சாப்பாடு என் கையில்தான். காலையில் பாதி, சாயங்காலம் பாதி. சோறும் கறியும் முட்டையும் அளந்துதான் போடுவேன். சாப்பிட்டதும் மாடிப்படிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன், எழுந்து ஓடக் கூடாது என்று. வெயில் ஏறுவதற்கு முன்னால் நடை. கறுப்புத்தோல், சூடு தாங்காது. காது துடைப்பது, நகம் வெட்டுவது, தரையில் படுத்து முழங்கையில் காய்ப்பு விழாமல் சாக்குப் போடுவது, எல்லாம் நான்தான். மகன் செய்வது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வருவான். பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தசராவில் எங்கள் பக்கம் ஆயுத பூஜையைப் பெரிதாகச் செய்வார்கள். பட்டறையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, வேனைக் குளிப்பாட்டி மாலை போட்டாயிற்று. வேன் சாவி, லேத் சாமான், ஸ்பேனர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி பூஜை முடித்துத்தான் எடுப்பது எங்கள் வழக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரரும் கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் அப்படித்தான் வைப்பார்.

மகன் என்னிடம் வந்தான். "லேத்து வேலை செய்யுது, வேன் வேலை செய்யுது. புரூனோவுந்தானம்மா ராத்திரியெல்லாம் பட்டறையைக் காக்கறான்? அவனுக்கும் ஒரு பூஜை போட்டரலாம்."

எனக்கும் அது பிடித்திருந்தது. "செய்யிடா. பொட்டு வை, மாலை போடு. ஆனா வாயில மட்டும் எதையும் வெக்காத. காலைச் சோறு இப்பத்தான் தின்னிருக்கறான்."

"சரிம்மா, சரிம்மா."

அந்த "சரிம்மா"வை நம்பி நான் மாடிக்கு வடை சுடப் போனேன்.

கீழே என்ன நடந்ததென்று அப்புறம் தெரிந்துகொண்டேன். பூஜைக்கு வந்த தெரு ஜனத்தில் யாரோ ஒருத்தர், நாய் பைரவர் வாகனம், ஆயுத பூஜை அன்று அதற்கு ஒரு வாய் கொடுத்தால் பெரிய புண்ணியம் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பொரிகடலைத் தட்டு இறங்கியது. ஒருத்தர் ஒரு கைப் பொரி போட்டார். இன்னொருத்தர் ஒரு கைச் சுண்டல். ஒருத்தர் வாழைப்பழத்தைத் தோலோடு. வருஷம் முழுக்கக் கொலைகாரன் என்று சொன்ன எதிர்வீட்டுக்காரர், தன் வீட்டிலிருந்து கேசரி கொண்டுவந்து, நாய்க்கு முன்னால் கைகூப்பி நின்று, இலையோடு வைத்தாராம். கரியனா வேண்டாம் என்பான்? இந்தச் சாதிக்குச் சோறு என்றால் நிறுத்தத் தெரியாது. நாம்தான் நிறுத்த வேண்டும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் வடைச் சட்டியை இறக்கும்போது தெருவில் நாதஸ்வரம் கேட்டது. போனில் போட்டிருக்கிறார்கள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் என் கண்ணை நானே நம்பவில்லை.

கரியன் முதுகில் அம்பாரி! விஜயதசமி அன்று ஜம்பு சவாரி ஊர்வலத்தில் அரண்மனை யானை சுமந்து வருமே, அது மாதிரி. தெர்மோகோலில் கோபுரம் செய்து, தங்கக் காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு சின்ன சாமுண்டி படம் வைத்து, கட்டில் கயிற்றால் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் யானைக்குப் போடுவது போலக் கலர் சாக்பீஸில் கோலம். என் மகன் முன்னால் பாகன் மாதிரி நடக்கிறான். பட்டறை ஆட்கள் பின்னால் குடை பிடித்து வருகிறார்கள். ஒருத்தன் வீடியோ எடுக்கிறான். தெருவே கை தட்டுகிறது.

"ஏண்டா! அவுத்து விடுங்கடா அவனை!" என்று மேலிருந்து கத்தினேன்.

"கீழ வாம்மா! ஜம்பு சவாரி வருது, பூ போடு!" என்று என் மகன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். வீடியோக்காரன், நடந்தால் நன்றாக இல்லை, ஒருதரம் ஓடவிடு என்றான். ஓடவிட்டார்கள். தெருமுனை வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் போய். அந்த வெயிலில், அத்தனை பொரி வயிற்றில் இருக்க. அவனும் ஓடினான். வேலை சொன்னால் செய்வான், அதுதான் அவன் பிறவி. எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தெரியாது அவனுக்கு.

நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கயிற்றை என் கையால் அவிழ்த்தேன். பதிந்த தடம் தெரிந்தது. வாளித் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தான். அவனை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன்.

அவன் படுக்கவில்லை. படுப்பான், எழுவான், சுற்றுவான், தன் வயிற்றையே திரும்பிப் பார்ப்பான். வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில். பிறகு கழுத்தை நீட்டி ஓங்கரித்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் ஓங்கரித்தான். கொஞ்சம் வெள்ளை நுரை. விலாவுக்குப் பின்னால் கையை வைத்துத் தட்டினேன். தவில் மாதிரிச் சத்தம் கேட்டது.

"டேய், டாக்டரம்மா சொன்னது இதுதாண்டா! இவனுக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நான் ஒரு கை பொரிதான் போட்டேன்."

பட்டறை ஆளைக் கேட்டேன். "நானும் ஒரு கைதானுங்க பெரியம்மா." அடுத்தவனைக் கேட்டேன். "ஒரே ஒரு கை." வாசலில் நின்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் ஒரு கைதான். ஒருத்தர் கூட இரண்டு கை போடவில்லை. ஊருக்கே ஒரு கை, வயிறு மட்டும் ஒன்று. யார் மேல் கோபப்படுவேன் நான்?

"கேஸாத்தான் இருக்கும்மா. சோடா வாங்கி ஊத்தலாம்" என்றான் மகன்.

"சோடாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வேன் சாவியை எடு."

அவன் சாமி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பூஜைல இருக்குதும்மா. நாளைக்குப் பூஜை முடிக்காம எப்படிம்மா எடுக்கறது? இப்பத்தான் புது ஆர்டரு வந்திருக்குது… நான் ஆட்டோ புடிக்கறேன்."

பெற்ற மகன். அவனை அடித்ததில்லை நான். அன்றைக்குக் கை ஓங்கிவிட்டேன். கரியன் மறுபடி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதால் கையை இறக்கினேன்.

ஆட்டோ வந்தது. வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டிய ஆட்டோ. "நாயா? பூஜை போட்ட வண்டியம்மா, மன்னிச்சுக்குங்க" என்று போய்விட்டான். அடுத்தவன் கரியன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தவே இல்லை. தெருவில் யார் வீட்டில் வண்டி இல்லை? எல்லா வண்டியும் குங்குமத்தோடு வரிசையாக நிற்கிறது. அத்தனை பேரும் தங்கள் வண்டியைப் பார்க்கிறார்கள், தரையைப் பார்க்கிறார்கள். "பூஜை அஜ்ஜி…" என்று இழுக்கிறார்கள்.

நான் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். வெட்கம் மானம் பார்க்கவில்லை. "சித்த முந்தி இவனுக்கு மாலை போட்டுக் கும்பிட்டீங்களே, அதும் பூஜைதான? ஒரே குங்குமந்தான? வண்டிக்கு வெச்சா சாமி, இவனுக்கு வெச்சா வெறும் வீடியோவா?"

ஒருத்தர் தன் வண்டியில் சரிந்திருந்த மாலையை நேராக்கினார்.

எதிர்வீட்டு வாசலில் புதுக் கார் நின்றது. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, நெற்றியில் ஸ்வஸ்திக் போட்டு. நான் யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கு அந்த வாசலில் போய் நின்றேன்.

"சார், பழசை மனசுல வெக்காதீங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி வேணும்."

அவர் நெளிந்தார். "அஜ்ஜி, இன்னைக்குத்தான் பூஜை ஆகியிருக்கு. நாளைக்குச் சாமுண்டி மலைக்கு முதல் பயணம் போகணும். சீட்ல நாய் எச்சில் பட்டா…"

"காலைல கேசரி ஊட்டுனீங்களே, அப்ப எச்சில் படலியா?"

அதற்குள் அவர் மனைவி வெளியே வந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்தவர், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே ரோட்டைத் தாண்டிப் போய் எங்கள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தார். அதுவரை கரியனை அவர் தொட்டதில்லை. தூரத்தில் பார்த்தாலே மறுபக்கம் நடக்கிறவர். அன்றைக்கு அந்தப் பெரிய வாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரத்தமே இல்லாமல் வெளிறிப்போயிருந்தது. எழுந்து வந்து கணவரிடம் கையை நீட்டினார்.

"சாவி."

"ஏய், நாளைக்கு மலைக்கு…"

"பஸ்ல போகலாம். பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே, எனக்கு டிக்கெட் கிடையாது, உங்களுக்கு மட்டும் எடுத்துக்குங்க. சாவியைக் கொடுங்க."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? அவர் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வேறென்ன செய்வார்?

பெட்ஷீட்டில் கரியனைக் கிடத்தி, மகனும் பட்டறை ஆளும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். சிமெண்டு மூட்டையை விடக் கனம் அவன். பின்சீட்டில் அவன் தலை என் மடியில். என் பட்டுப்புடவையெல்லாம் எச்சில். மகன் முன்னால் ஏறினான். அந்தம்மா வண்டியை எடுத்தார். நாலு எலுமிச்சையும் நசுங்கின. சாமுண்டி மலைக்கு நசுங்க வேண்டிய பழம் எங்கள் கரியனுக்காக நசுங்கியது.

தசரா நேரத்தில் மைசூருக்குள் வண்டி ஓட்டுவது லேசா? எங்கே பார்த்தாலும் கூட்டம், தடுப்புக் கட்டை, திருப்பிவிடும் போலீஸ். அந்தம்மா ஊருக்குள்ளேயே போகாமல் ரிங் ரோட்டில் ஏறினார். ஓட்டிக்கொண்டே என் மகனை டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். கரியனின் மூச்சு மேலே மேலே வாங்கியது. கண் என் முகத்திலேயே இருந்தது. எனக்கு எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை. "தூங்காதடா, தூங்காதடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியும் லீவுதான். போன் போனதுமே உதவியாளர் பெண்ணை வரவழைத்துவிட்டு, மேலே இருந்த வீட்டிலிருந்து இறங்கி வந்தார். அங்கேயும் மேஜையில் சாமி படம், அதற்கு முன்னால் கத்தரி, இடுக்கி, ஆபரேஷன் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. இவரும் "பூஜை" என்று சொல்லிவிட்டால்? அவர் பெட்டியைத் தூக்கினார். மேலே இருந்த பூவை ஊதிவிட்டார். குங்குமத்தைத் துடைத்து உதவியாளர் பெண்ணிடம் கொடுத்து, "கொதிக்க வை" என்றார். அவ்வளவுதான். அதுவரைக்கும் என் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அப்போது வந்தது.

கரியனின் விலாவில் ஒரு இடத்தில் மயிரை மழித்து, தடியான ஊசியை இறக்கினார். சைக்கிள் டியூபில் காற்று பிடுங்குவது போலப் புஸ்ஸென்று சத்தம். புளித்த மாவு நாற்றம் அறை முழுக்க அடித்தது. அப்புறம்தான் அவன் ஒழுங்காக ஒரு மூச்சு விட்டான்.

"என்ன அஜ்ஜி கொடுத்தீங்க?"

"தெருவே கொடுத்துதம்மா."

"சாப்பிட்டதும் ஓடினானா?"

நான் மகனைப் பார்த்தேன். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜம்பு சவாரி விட்டோம் மேடம்" என்றான்.

"என்ன விட்டீங்க?"

"அம்பாரி கட்டி… வீடியோவுக்கு…"

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "வெளியே உட்காருங்க, இரைப்பை முறுக்கியிருக்கு, திறக்கணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் என் மகனின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. என்னடா என்றேன். அந்த வீடியோவைப் போட்டுவிட்டார்களாம். எல்லோரும் பார்த்துப் பார்த்து இதயம் அனுப்புகிறார்களாம். உள்ளே அவன் வயிற்றைத் திறந்துவைத்திருக்கிறார்கள், வெளியே இதயம் இதயமாக வந்து விழுகிறது. "இப்பவே அழிடா" என்றேன். அழித்தான். அப்புறம் அழுதான். நான் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

இருட்டுவதற்கு முன்னால் கதவு திறந்தது. முறுக்கை எடுத்துவிட்டு, இனிமேல் முறுக்காதபடி இரைப்பையை விலாப் பக்கத்துச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டதாகச் சொன்னார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடலும் செத்திருக்கும், ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பிழைப்பான், ஆனால் மூன்று நாள் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வேன் என்றார். மூன்று நாளும் நான் அங்கேயே இருந்தேன். பிழைத்தான்.

கதை இதோடு முடிந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வயிறு முழுக்கத் தையலோடு கரியனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெரு ஜனம் பார்க்க வந்தது. "சாமி காப்பாத்திருச்சு அஜ்ஜி. பூஜை பண்ண புண்ணியந்தான் உயிரைப் புடிச்சு வெச்சிருக்கு" என்றார்கள். பூஜையன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது ஒருவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். நெய் வழிய மைசூர்பாகு.

"பாவம், உடம்பு இளைச்சுட்டான். ஒரு துண்டு வாயில போடுங்க. ஒண்ணே ஒண்ணுதானே?"

அதற்கப்புறம் என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. கொள்ளேகாலத்துப் பேச்சும் கன்னடமும் கலந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்த மனுஷர் மைசூர்பாகோடு ரோட்டைத் தாண்டி ஓடினார். கேட்டைச் சாத்தினேன். சங்கிலியும் போட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரம் கழித்து, "வண்டியில இன்னும் நாய் வாசனை போகலை அஜ்ஜி" என்றார். "கண்ணாடியை இறக்கி வெச்சு ஓட்டுங்க சார்" என்றேன். அவர் மனைவி இப்போதெல்லாம் டியூட்டி முடிந்து வரும்போது எங்கள் கேட்டருகே ஒரு நிமிஷம் நிற்பார். கரியன் கம்பிக்கு இந்தப் பக்கம் சாய்வான், அவர் அந்தப் பக்கம் நிற்பார். அவர் கையில் தின்ன ஒன்றும் இருக்காது. கையைத்தான் கொண்டுவருவார்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு மகன் தயங்கித் தயங்கி வந்தான். "அம்மா, அவனுக்கு ஒரு பொட்டு மட்டும் வெக்கட்டுமா? வேற ஒண்ணும் இல்ல."

"பொட்டு வெக்கறவன் காலைல எந்திரிச்சு அவன் பீயை அள்ளட்டும். அளந்து சோறு போடட்டும். தின்னதுக்கப்பறம் பக்கத்துல சும்மா உக்காரட்டும். ஒரு வருஷம் செஞ்சுட்டு வா, அப்பறம் பொட்டைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

செய்கிறான். மறுநாளே தொடங்கினான். இன்னும் நாள் தவறவில்லை. ஆனாலும் நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போனதெல்லாம் போகட்டும், நாய்தான் பிழைத்துக்கொண்டதே, இந்த வயதில் இத்தனை கோபம் எதற்கு என்று கேட்கிறார்கள். அன்றைக்குக் கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் ஆசையாகத்தான் ஒரு கை போட்டார்கள், பக்தியோடுதான் கும்பிட்டார்கள், அந்தக் கையாலேயே ஒரு உயிரைத் தூக்க வேண்டி வந்தபோது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். என் கோபம் ஆறிப்போகிற அன்றைக்கு அடுத்த கைப்பொரி கேட்டுக்குள் வந்துவிடும், அதனால் அதை நான் ஆறவிடுவதாக இல்லை.